கடையை மூடும் அந்த ஒரு மணி நேரம்: உணவகத்தில் பூச்சியும் எலியும் அண்டாமல் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே சாலையோரத்தில் 18 வருடம் சாப்பாட்டுக் கடை நடத்தினேன். காலையில் புட்டு, அப்பம், கடலைக்கறி. மதியம் மீன் சாப்பாடு. சாயங்காலம் பழம்பொரியும் ரசவடையும். ராத்திரி பரோட்டா. முதல் மூன்று வருடம் பூச்சி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கரப்பான் கண்ணில் பட்டால் மருந்து அடிப்பேன், எலி ஓடினால் விஷம் வைப்பேன். பத்து நாள் நன்றாக இருக்கும். பதினோராம் நாள் பழைய கதைதான்.

எங்கள் கடையில் பாத்திரம் கழுவிய அக்கா ஒருநாள் சொன்னார்: "அண்ணே, மருந்தடிச்சா அது சாவுது, சரி. அதுக்குச் சாப்பாடு யாரு போடுதா? ராத்திரி நாமதான போட்டுட்டுப் போறோம்." அன்று இரவு கடையை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு தனியாகத் திரும்பி வந்து பார்த்தேன். கிரைண்டருக்கு அடியில் வழிந்த மாவு, பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு, தொட்டிக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர். அத்தனை இடத்திலும் கூட்டம் கூட்டமாகக் கரப்பான். அக்கா சொன்னது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பூச்சிக்கும் எலிக்கும் வேண்டியவை நான்கு: தீனி, தண்ணீர், ஒளிந்துகொள்ள இடம், உள்ளே வர வழி. இந்த நான்கையும் குறைத்துக்கொண்டே வருவதுதான் வேலை. மருந்து ஐந்தாவது. அதற்கு வேலை இல்லாதபடி கடையை நடத்த முடியும் என்பதை என் கடையிலேயே பார்த்தேன்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்

வெளியூரில் எழுதிய அறிவுரைகள் இங்கே அப்படியே பொருந்தாது. நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழை. மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கம் சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஈரம் இருக்கும் இடத்தில் கரப்பான் இருக்கும்.

இரண்டாவது, வயல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். அறுப்பு முடிந்து வயல் வெறுமையானதும் அங்கிருந்த எலிகள் பக்கத்துக் கட்டடங்களைத் தேடி வரும். சுசீந்திரம், தேரூர் பக்கம் வயலோரம் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மூன்றாவது, தென்னை. மரத்திலிருந்து கூரைக்கு எலி ஏறி இறங்கும். பின்புறம் குவிந்து கிடக்கும் கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் எலிக்கு வீடு, கொசுவுக்குத் தொட்டில். நான்காவது, கடற்காற்று. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் சாதாரண இரும்பு வலை அடித்தால் சீக்கிரமே துருப்பிடித்துப் பொடிந்துவிடும். அதற்கென்று பொருளைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் படி: ஒரு இரவு உட்கார்ந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கடையை மூடி, விளக்கை அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு உள்ளே போங்கள். டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால் கரப்பான் உடனே ஓடாது. ஒரு தாளில் அடுக்களையின் படத்தைக் கோடாக வரைந்து, எங்கே என்ன கண்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கரப்பான் என்று தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருப்பது சாக்கடை ஓடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வாழ்வது. அது உள்ளே வருகிறது என்றால் வழி குழாயில் இருக்கிறது. ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு இருப்பது ஜெர்மன் கரப்பான். இது வெளியிலிருந்து நடந்து வருவது குறைவு. அட்டைப்பெட்டியிலும் முட்டை அட்டையிலும் ஏறி வந்து அடுக்களைக்குள்ளேயே குடியிருக்கும். ஒரு முட்டைப் பையில் 30, 40 முட்டை. தாய் அதைப் பொரியும் தறுவாய் வரை சுமந்துகொண்டே திரியும். நம் வெப்பத்தில் இரண்டு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். பெரியதைப் பார்த்துப் பயப்படுகிறோம். கடையைக் கெடுப்பது சிறியதுதான்.

எலிக்கு எச்சத்தைப் பாருங்கள். அரிசிமணி அளவு என்றால் சுண்டெலி. அதைவிடப் பெரிதாக, இரண்டு முனையும் கூர்மையாக இருந்தால் கூரையில் ஓடும் வீட்டு எலி. சுவரோரம் மண்ணைத் தோண்டி வளை போட்டிருந்தால் பெருச்சாளி. வளையில் இப்போது எலி இருக்கிறதா என்று அறிய, பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டுப் போங்கள். காலையில் வெளியே தள்ளப்பட்டிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. சந்தேகமான ஓட்டைக்கு முன்னால் கொஞ்சம் மைதாவைத் தூவி வைத்தால் காலடியும் வால் இழுத்த கோடும் தெரியும். பார்த்ததும் அந்த மாவைத் துடைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வழியை அடையுங்கள்

பென்சில் நுழையும் ஓட்டை போதும், சுண்டெலி வந்துவிடும். கட்டைவிரல் நுழைந்தால் எலி வரும். இந்த இரண்டையும் அளவாக வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு முறை நடங்கள். காஸ் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், ஏசி தண்ணீர்க் குழாய், மின்கம்பி நுழையும் துளை, ஷட்டரின் இரண்டு ஓரம், பின்கதவின் அடி. பெரும்பாலும் பின்கதவுதான். காற்றுக்கென்று நாள் முழுக்கத் திறந்து, கீழே ஒரு செங்கலைக் கொடுத்து வைத்திருப்போம்.

ஓட்டைகளை வெறும் சிமெண்டால் அடைத்தால் எலி கரண்டிவிடும். கண்ணாடிச் சில்லைப் பொடித்துச் சிமெண்டில் கலந்து பூசுவது நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய முறை, நன்றாக நிற்கும். குழாயைச் சுற்றிய சிறு இடைவெளிக்குப் பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத கம்பி நாரைத் திணித்து அதன்மேல் பூசுங்கள். மரக்கதவின் அடியில் ஓரடி உயரத்துக்கு அலுமினியத் தகடு அடித்து, தரையைத் தொடும்படி ரப்பர் பட்டை வையுங்கள். கதவை மூடி உள்ளே விளக்கில்லாமல் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் வழி.

ஜன்னலுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் துளைக்கும் வலை வேண்டும். கடற்கரையோரக் கடைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, அல்லது கண்ணாடியிழை வலை. விலை கூடும்தான், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் இதுவே மலிவு. கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் பொருத்தச் சொல்லுங்கள். கழுவ முடியாத வலையில் எண்ணெயும் தூசியும் படிந்து அதுவே தீனியாகிவிடும்.

ஓட்டுக் கட்டடம் என்றால் சுவரும் ஓடும் சேரும் இடத்து இடைவெளிதான் எலியின் ராஜபாட்டை. அதை வலையால் அடையுங்கள். கூரையைத் தொடும் கிளைகளைக் குறைந்தது நாலடி விலகும்படி வெட்டுங்கள். தென்னை ஓலை கூரையில் சாய்ந்திருந்தால் அதையும்தான். விறகடுப்பு உள்ள கடைகளில் விறகையும் சிரட்டையையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மேடை போட்டு, சுவரிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று நாளுக்குத் தேவையானதை மட்டும் வையுங்கள்.

தரையில் கழிவுநீர் போகும் ஓட்டைகளுக்குச் சல்லடை மூடி இருக்க வேண்டும், திருகி மூடும் வகை நல்லது. குழாயில் வளைவு இருந்து அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றால்தான் கீழிருந்து கரப்பான் ஏறாது. அதிகம் பயன்படுத்தாத மூலையில் உள்ள ஓட்டையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். இவ்வளவு சின்ன விஷயத்துக்காக நான் பல ஆயிரம் ரூபாய்க்கு மருந்து அடித்திருக்கிறேன்.

மூன்றாம் படி: சரக்கு வரும் வாசல்

எங்கள் கடைக்குள் ஜெர்மன் கரப்பான் வந்தது முட்டை அட்டையில். ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம், அதற்குள் ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம் நிறைந்துவிட்டது. அதன்பின் ஒரு விதி வைத்தோம்: அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, பழைய சாக்கு எதுவும் அடுக்களைக்குள் வராது. வாசலிலேயே பிரித்து, பொருளை நம் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றி, பெட்டியை அன்றே வெளியேற்றிவிட வேண்டும். அட்டையின் நெளிவுகள் கரப்பானுக்கு அளவெடுத்துச் செய்த அறை மாதிரி.

வடசேரி சந்தையிலிருந்தோ திங்கள்சந்தையிலிருந்தோ காய்கறி மூட்டை வந்தால் வெளியே தட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு உள்ளே எடுங்கள். வாழைக்குலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று முன்புறம் குலை தொங்கவிடுவது நம் ஊர்க் கடைகளின் அழகு. அதை விட வேண்டாம். ஆனால் கனிந்து வெடித்த பழத்தை அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள், குலையின் தண்டில் வெட்டுவாய் ஊறி நாறினால் அதைச் சீவிவிடுங்கள். பழ ஈ அங்கேதான் முதலில் வரும். பழைய சைக்கிள், பழுதான மிக்சி, உடைந்த நாற்காலி மாதிரி "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கிய பொருள் எதுவும் சரக்கறையில் இருக்கக்கூடாது.

நான்காம் படி: இரவு மூடும் நேரம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கரப்பான் தீனி இல்லாமல் சில வாரங்கள் தாங்கும். தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. அதனால் இரவு அடுக்களை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, காய்ந்திருக்க வேண்டும். நம் கடைகளில் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளுவதைத்தான் சுத்தம் என்று நினைக்கிறோம். அந்த ஈரம் விடியும்வரை நிற்கிறது.

நாங்கள் பழகிய வரிசை இது. கடைசி ஆர்டர் முடிந்ததும் முதலில் குப்பை வெளியே போகும். அடுத்து மேலிருந்து கீழாக வேலை: அடுப்பு மேலுள்ள புகைக்கூண்டின் எண்ணெய் வடிகட்டி, அடுப்பு, மேடை, கடைசியில் தரை. முதலில் தரையைக் கழுவிவிட்டு அப்புறம் அடுப்பைத் துடைத்தால் எண்ணெயும் சோறும் மறுபடி தரைக்கு வரும். பரோட்டாக் கல்லைச் சுற்றிய பிசுக்கை அது கொஞ்சம் சூடாக இருக்கும்போதே சுரண்டிவிட்டால் பாதி நேரம் மிச்சம். கிரைண்டரைச் சாய்த்து அடியைத் துடைக்க வேண்டும், மேல் கழுவியது கணக்கில் வராது. உலர்ந்த குப்பையை முதலில் வாரியலால் கூட்டி அள்ளிவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீர், கடைசியில் ரப்பர் தள்ளுகட்டையால் தண்ணீரை முழுக்க ஓடைக்குத் தள்ளி, ஃபேனைப் போட்டு விடுங்கள். ஓடைச் சல்லடையில் தங்கிய சோற்றை எடுத்துக் குப்பையில் போட வேண்டும், உள்ளே தள்ளிவிடக்கூடாது.

ஈரத் துணிகளை, தரை துடைக்கும் மாப்பை மூலையில் சுருட்டி வைக்காதீர்கள். வெளியே கொடியில் விரித்துத் தொங்கவிடுங்கள். பாத்திரங்களைக் கவிழ்த்து வையுங்கள். குடிதண்ணீர் அண்டாவை மூடுங்கள். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்ற இருபது முப்பது ரூபாய். தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு எங்களுக்கு முதலில் ஒன்றரை மணி நேரம் ஆனது, பழகிய பிறகு ஒரு மணி நேரத்துக்குக் கீழே வந்தது. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த நேரத்துக்குப் பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். பதினொன்றரை மணிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பறப்பவரிடம் கிரைண்டர் அடியைத் துடைக்கச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. கடைசி ஆர்டரை அரை மணி நேரம் முன்னால் நிறுத்தினேன். வியாபாரம் குறையும் என்று பயந்தேன். சுத்தம் தெரிந்ததும் குடும்பத்தோடு வருபவர்கள் கூடினார்கள்.

வாரத்தில் ஒருநாள் ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் இழுத்து நகர்த்திப் பின்புறத்தைச் சுத்தம் செய்யுங்கள். மோட்டார் பக்கம் எப்போதும் வெதுவெதுப்பு, கீழே சொட்டுத் தண்ணீர்த் தட்டு. கரப்பானுக்கு அதைவிட வசதி வேறில்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டு போட்டுவிட்டால் இழுப்பதும் சுலபம். அந்தத் தண்ணீர்த் தட்டை வாரா வாரம் கொட்டிவிட்டால் கொசுவுக்கும் அது உதவாது.

ஐந்தாம் படி: மீன் கழிவு, எச்சில் இலை, மற்ற குப்பை

ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டை இடும். ஆகவே குப்பை கடை எல்லையில் தங்கும் நேரத்தைக் குறைப்பதுதான் ஈயைக் குறைக்கும் வழி. பிளீச்சிங் பவுடரைச் சுற்றித் தூவி வைப்பதால் ஈ ஒழியாது. கோடு போட்ட மாதிரி வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான்.

மீன் வெட்டுவதைப் பின்வாசலில் திறந்த இடத்தில் செய்யும் கடைகள் நிறைய. முடிந்தவரை சந்தையிலேயே வெட்டி வாங்குங்கள். சாளை, நெத்திலி மாதிரிச் சின்ன மீனைக் கடையில்தான் ஆய வேண்டும் என்றால், குடலையும் செதிலையும் உடனே கனமான பையில் கட்டி, மூடியுள்ள தனி டப்பாவில் போட்டு, குப்பை எடுக்கும்வரை குளிரில் வையுங்கள். இதற்கென்றே ஒரு பழைய ஃப்ரீசர் வாங்கினேன். சாப்பாட்டுப் பொருள் அதற்குள் போகவே கூடாது. இந்த ஒரு ஏற்பாட்டில் பின்வாசல் ஈ பாதிக்கு மேல் குறைந்தது. மீன் கழுவிய தண்ணீர் மண்ணில் ஊறக்கூடாது, சிமெண்டுத் தளத்தில் விழுந்து ஓடைக்குப் போக வேண்டும்.

எச்சில் இலையைக் கூடையில் திறந்து போடாமல், மிச்சத்தை முதலில் வாளியில் வழித்துவிட்டு இலையைத் தனியாக அடுக்குங்கள். பன்றிப் பண்ணைக்கு மிச்சம் கொடுப்பவர்கள், எடுக்க வருபவரை ராத்திரியே வரச் சொல்லுங்கள். காலையில் வந்தால் இரவு முழுக்க அந்த வாளி எலிக்குப் பந்தி. அவர் விட்டுச் செல்லும் மாற்று வாளியும் கழுவியதா என்று பாருங்கள். தொட்டிகள் காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ளவையாக இருக்கட்டும். தினமும் கழுவிக் கவிழ்த்துக் காய வையுங்கள். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் கால் அங்குலச் சேறில்தான் புழு வளரும். தொட்டி நிற்கும் இடம் கதவிலிருந்து தள்ளி, சிமெண்டுத் தரையில்.

பறக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் குட்டி அந்துப்பூச்சி மாதிரி ஒட்டியிருப்பது ஒருவகை ஈ, குழாய்க்குள் படிந்த வழுவழுப்பில் வளர்வது. இரவில் ஓட்டைமேல் ஒட்டுநாடாவை, ஒட்டும் பக்கம் கீழே இருக்கும்படி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் ஈ ஒட்டியிருந்தால் மூலம் அதுதான். நீளமான பிரஷ்ஷால் குழாயின் உட்சுவரைத் தேய்த்து எடுக்க வேண்டும். மழைக்கால ஈசலுக்கு, வாசல் விளக்கைக் கதவுக்கு நேர் மேலிருந்து மாற்றித் தள்ளி வையுங்கள், வெள்ளை ஒளிக்குப் பதில் மஞ்சள் ஒளி போடுங்கள். பூச்சி குறைந்தால் பல்லியும் தானே குறையும்.

ஈ பிடிக்கும் நீல விளக்கை வாங்கினால் ஒட்டும் தாள் உள்ளதை வாங்குங்கள். மின்சாரத்தில் பொசுக்கும் வகையில் ஈயின் துணுக்குகள் சிதறும், சமைக்கும் இடத்துக்கு அது ஆகாது. சமையல் மேடைக்கு மேலோ, வெளியிலிருந்து தெரியும்படியோ மாட்டாதீர்கள். வெளியே தெரிந்தால் தெருவில் போகும் ஈயைக் கூப்பிட்டுக் கொடுக்கும். குழல் எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்தில் அதன் வலு குறைந்துவிடும், வருடம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஆறாம் படி: சரக்கறை

மூட்டைகள் தரையிலிருந்து அரையடி உயரத்தில், சுவரிலிருந்து அரையடி தள்ளி. விளக்குமாறு போய்வர இடம் இருக்க வேண்டும், அதுதான் அளவு. முதலில் வந்த மூட்டை முதலில் செலவாக வேண்டும், வந்த தேதியைச் சாக்கில் எழுதிவிடுங்கள். பிரித்த மைதா, ரவை, கடலைமாவை மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள், புதிய மாவைப் பழையதன்மேல் கொட்டாதீர்கள். சிறு அளவு மாவில் வண்டு வருமோ என்று சந்தேகம் வந்தால் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் முட்டை உட்பட சாகும். வேப்பிலையும் வற்றல் மிளகாயும் வீட்டு அரிசிப் பானைக்குச் சரி, ஐம்பது கிலோ மூட்டைகளை அவை காக்காது.

அரிசி மூட்டைக்குள் பூச்சி மாத்திரை வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு ஈரக் காற்றில் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாகிறது. அது ஆளைக் கொல்லும், முறிமருந்து கிடையாது. பக்கத்து அறையில் படுத்திருக்கும் பணியாளர் சாகலாம்.

ஏழாம் படி: பொறியும் மருந்தும்

மேலே சொன்னவை ஓடத் தொடங்கிய பிறகுதான் இது. கரப்பானுக்கு முதலில் ஒட்டும் அட்டைகள். அடுப்படி, ஃப்ரிட்ஜ் பின்புறம், தொட்டி அடி, சரக்கறை மூலை என்று எட்டுப் பத்து இடத்தில் எண் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை எண்ணி நோட்டில் குறியுங்கள். ஐந்தாம் எண் அட்டையில் மட்டும் கூடுகிறது என்றால் ஐந்தைச் சுற்றித் தேடினால் போதும்.

கொல்வதற்கு ஜெல், அதாவது கரப்பான் தின்னும் விஷப் பசை. பயறு அளவுக்குச் சிறு பொட்டுகளாக, கதவுக் கீல், மேசையின் அடி, மோட்டார் பக்கம், சுவர் விரிசல் என்று அவை ஒளியும் இடங்களில் வைக்க வேண்டும். உணவு படும் இடத்தில் கூடாது. தின்ற கரப்பான் மறைவிடத்தில் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் அந்த வாடைக்குப் பயந்து ஒன்றும் கிட்ட வராது. இரண்டையும் சேர்த்துச் செய்து பணத்தை வீணாக்கியவர்கள் பலர். ஒருமுறை ஒரு ஆளைக் கூப்பிட்டேன், அடுக்களை முழுக்க ஸ்பிரே அடித்துவிட்டுப் போனார். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் கரப்பான்கள் அத்தனையும் ஹாலுக்கு வந்துவிட்டன. அன்று எழுந்து போன ஒரு குடும்பம் பிறகு வரவே இல்லை.

எலிக்குக் கூண்டுதான் என் முடிவு. உணவகத்துக்குள் விஷம் வேண்டாம்: தின்ற எலி பொய்க்கூரைக்குள் செத்து நாறும், விஷ உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து அரிசிக்குள் போடவும் செய்யும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைக் கடைப்பக்கமே கொண்டுவராதீர்கள். மனிதனின் ஈரலை அது அழிக்கும். ஒட்டுப்பலகையில் எலி மணிக்கணக்கில் துடிக்கும், சிறுநீரும் கழிக்கும், அடுக்களைக்கு அதுவும் ஆகாது.

எலி புதிய பொருளைக் கண்டால் சந்தேகப்படும். அதனால் கூண்டை வைத்ததும் அதன் கதவை இழுத்து மாட்டாதீர்கள். மூன்று நான்கு இரவு சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ உள்ளே வைத்துத் தின்னவிடுங்கள். பழகியதும் மாட்டுங்கள். ஒரே இரவில் பல எலி விழும். சுவரை ஒட்டியே எலி ஓடும், எனவே கூண்டின் வாய் சுவரோரமாக இருக்கட்டும். எச்சம் கிடந்த இடத்தை உலர்வாகக் கூட்டாதீர்கள். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பிளீச்சிங்கோடு கழிப்பறை ஆசிட்டைக் கலக்கக்கூடாது, நச்சு வாயு வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்றால் காலில் உள்ள சிறு வெட்டு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். பாத்திரம் கழுவுபவருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுத்து வேலை வாங்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பூனை வளர்க்கலாமா என்று கேட்பார்கள். அடுக்களைக்குள் வேண்டாம். பூனையின் முடியும் எச்சமும் எலியின் எச்சம் போலவே உணவைக் கெடுக்கும்.

வெளியாளைக் கூப்பிடும்போது

பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். என்ன மருந்து, எங்கே, எவ்வளவு, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வந்ததும் பார்க்காமலேயே தெளிக்கத் தொடங்குபவரைத் திருப்பி அனுப்புங்கள். நல்லவர் முதலில் டார்ச்சை எடுப்பார், உங்கள் குப்பைத் தொட்டியைக் கேட்பார். வேலை கடை மூடியிருக்கும்போது நடக்க வேண்டும், பாத்திரம் எல்லாம் மூடியோ வெளியேற்றியோ இருக்க வேண்டும், மறுநாள் சமைப்பதற்கு முன் மேடைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

அவர் தரும் சீட்டு, உங்கள் அட்டை எண்ணிக்கை நோட்டு, அடுக்களைப் படம் மூன்றையும் ஒரு கோப்பில் வையுங்கள். 2011 உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை பூச்சிக் கட்டுப்பாட்டைக் கடைக்காரரின் கடமையாகவே சொல்கிறது. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்த நோட்டு அதிகாரிக்கு மட்டும் அல்ல. எந்த மாதம் எது கூடுகிறது என்பதை இரண்டாம் வருடம் அதுதான் உங்களுக்குச் சொல்லும்.

பணியாளர் ஒரு கரப்பானைக் கண்டேன் என்று சொல்ல வந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தமுறை சொல்லமாட்டார், மிதித்துவிட்டுப் போய்விடுவார். அசாம், ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்பவர்களுக்குப் படம் வரைந்து ஒட்டுங்கள்.

மாதத்தை ஒட்டிய வேலைகள்

மே கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன், ஓடு மாற்றுவது, கூரை வலை, ஓடைத் தூர் வாருவது. பலாச்சுளை விற்கும் கடைகள் அந்த மாதங்களில் சக்கை மடலை அன்றன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும், ஈ மொய்க்க அதுபோல் வேறில்லை. செப்டம்பரில் கன்னிப்பூ அறுப்பு, மாசி பங்குனியில் கும்பப்பூ அறுப்பு. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் வெளிச்சுவர் ஓட்டைகளைச் சரிபார்த்து, பின்வாசலில் கூண்டுகளைப் பழக்கத் தொடங்குங்கள். அக்டோபர் மழையில் சிரட்டை, டயர், பெயிண்டு டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரியிலும் சுசீந்திரத்திலும் ஐயப்ப பக்தர் கூட்டம். கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும், மூடும் நேரம் என்றே ஒன்று இருக்காது. அந்த இரண்டு மாதம் அடுக்களையை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி ஓடும்போது மறுபாதியைக் கழுவிக் காயவிடுங்கள். கூடுதலாக ஒரு ஆளைச் சுத்தத்துக்கென்றே போடுங்கள். தை பிறந்து கூட்டம் குறைந்ததும் ஒருநாள் கடையை அடைத்துவிடுவோம். அத்தனை பொருளையும் வெளியே எடுத்து வெயிலில் வைப்போம். அடுப்பை நகர்த்தி, அலமாரியைக் கழற்றி, சுவரைத் தேய்த்து, விரிசலைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, மறுநாள் காய்ந்த பிறகே எல்லாம் உள்ளே போகும். அன்று பணியாளர் எல்லோருக்கும் முழுச் சம்பளமும், பின்வாசலில் உட்கார்ந்து சாப்பிட மரச்சீனியும் மீன்கறியும்.